ஏழாவது ஊசி

மாயக்காளின் கட்டில் காலியாகக் கிடந்தது. கூட இருந்த மகள் அன்னக்கொடியையும் காணோம். மாயக்காள் கன்னத்துப் புற்றின் மேல் வைத்துக் கட்டியிருந்த மெழுகுத் தகடும் அவளோடு போய்விட்டது. தகட்டுக்குள் ரேடியம் ஊசி ஏழு.

வார்டில் மற்றவர்கள் நிம்மதியாகக் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். மலையாண்டி மட்டும் கட்டிலுக்கடியில் குனிந்து தேடிக்கொண்டிருந்தான்.

அவன் அந்த மதுரை ஆஸ்பத்திரியில் ரேடியம் வைத்தியத்துக்குப் பயிற்சி எடுக்கிறவன். அடுத்த மாதம் சென்னையில் பரீட்சை. அழகர்கோயில் கயிறு, கருப்பசாமி தாயத்து, வார்டு ஜனங்கள் பிரியமாகக் கட்டிவிட்ட தாயத்துகள் என்று யார் எதைக் கொடுத்தாலும் வேண்டாமென்று சொல்கிற நிலையில் அவன் இல்லை. எல்லாவற்றையும் வலது புஜத்தில் கட்டி, டாக்டர் கண்ணில் படாமல் முழுக்கைச் சட்டைக்குள் மறைத்திருந்தான்.

டாக்டர் வெங்கட்ரமணன் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை.

"தினம் தகட்டைக் குத்திப் பார்த்து எண்ணினியோ?"

"எண்ணினேன் சார். ஏழு."

பச்சைப் பொய். மெழுகு முழுசாய் இருந்ததால் அவன் பத்து நாளாகக் குத்தியும் பார்க்கவில்லை, எண்ணவும் இல்லை.

"சாயங்காலத்துக்குள்ளே ஏழும் வரணும். இல்லேன்னா பரீட்சைக்கு உன் பேர் போகாது. உன் பேர் கிடக்கட்டும். அது எவன் மடியிலே கிடக்கோ, அவன் சதை அழுகிடும்."

இந்த வம்பை விலைக்கு வாங்கியவனே மலையாண்டிதான். முதல் நாள் மாயக்காள் தகட்டைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டாள். பொறுக்கமாட்டாமல், இது மந்திரிச்ச ஊசி, பிய்த்தால் பலிக்காது என்று அளந்துவிட்டான். அன்றிலிருந்து அவள் அசையவில்லை. தன் கெட்டிக்காரத்தனத்தை நினைத்து அவனுக்குப் பெருமை வேறு.

ஈயப் பெட்டியையும் இடுக்கியையும் எடுத்துக்கொண்டு பஸ் ஏறினான். பெட்ரோல் பஞ்சத்தால் கரியில் ஓடுகிற யுத்த காலத்து பஸ், திருமங்கலம் போவதற்குள் மூன்று தடவை நின்று மூச்சு வாங்கியது. சட்டைக் கஞ்சி வேறு புஜத்தில் பட்டு அரித்தது. பேரையூர்ப் பக்கம் அந்தக் கிராமத்துக்குப் போய்ச் சேரும்போது உச்சிவெயில்.

அன்னக்கொடி வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள். மாயக்காளுக்குக் கன்னம் வீங்கிப் பேச்சு வராது. அவனைப் பார்த்ததும் கையை நீட்டி நீட்டி ஏதோ காட்டினாள். மன்னிப்புக் கேட்கிறாளாக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

"ஆத்தாளுக்கு வலி கொறைஞ்சிருச்சுண்ணே. இம்புட்டுச் சக்தியை நாங்க மட்டும் வச்சுக்கிட்டா நல்லாவா இருக்கும்?" என்றாள் அன்னக்கொடி.

மெழுகை உடைத்து ஊசிகளைச் சொந்தபந்தத்துக்குத் தாயத்தாகப் பகிர்ந்திருந்தார்கள். பிள்ளையில்லாத மருமகள் அடிவயிற்றில் ஒன்று. சொந்தக்காரன் பேயாண்டியின் கைக்குழந்தை அரைஞாணில் ஒன்று. உழவு மாட்டின் கழுத்தில் ஒன்று.

இனிப் பொய் உதவாது என்று உண்மையைச் சொன்னான். முதலில் அரிக்கும், பிறகு சிவக்கும், தோல் உரியும், பிறகு புண் ஆறவே ஆறாது என்றான். பேயாண்டி கவனமாகக் கேட்டுக்கொண்டு, குழந்தை அரைஞாணிலிருந்த ஊசியைக் கழற்றி, வரப்புத் தகராறு பண்ணும் பங்காளி வீட்டுக் கூரையில் செருகிவிட்டு வந்தான். அதைப் பார்த்து இன்னும் இரண்டு பேர் ஆளுக்கொரு பங்காளியைத் தேடிப் புறப்பட்டார்கள்.

உண்மை இப்படிக் கெடுக்கும் என்று யார் கண்டது. அவசரமாகப் பழைய பொய்க்கே திரும்பினான். ஊசிகளுக்குச் சக்தி இறங்கிவிட்டது, மதுரையில் ஏற்றித் தருகிறேன் என்றான்.

போன ஊசிகள் திரும்பி வந்தன. ஊரிலிருந்த மற்றத் தாயத்துகளும் கூடவே வந்தன. அவற்றுக்கும் சக்தி ஏற்ற வேண்டுமாம். கோணி ஊசி, மாட்டு லாடம், கதவு ஆணி எல்லாம் அவன் முன்னால் குவிந்தன. ரேடியம் ஊசியின் காதில் மஞ்சள் பட்டு நூல் இருக்கும். அதுதான் அடையாளம். உளியை வைத்துத் தாயத்துகளை ஒவ்வொன்றாகப் பிளந்தான். புஜம் தீயாய் எரிந்தது. உளி பிடித்துப் பழக்கமில்லாத கை என்று நினைத்துக்கொண்டான். சட்டையில் நீர் கசிந்திருந்தது. வியர்வையாக இருக்கும்.

பொழுது சாயும்போது ஈயப் பெட்டிக்குள் ஆறு ஊசிகள் சேர்ந்துவிட்டன. ஏழாவது இல்லை. அடுப்புச் சாம்பல் வரை சலித்தாகிவிட்டது.

அவனுக்கு அழுகை வந்துவிட்டது. பரீட்சை போனால் போகட்டும், எந்தப் பிள்ளை அதை மடியில் வைத்துக்கொண்டு விளையாடுகிறதோ என்று மாயக்காள் காலடியில் உட்கார்ந்து விம்மினான். அவள் மறுபடியும் அவனைப் பார்த்துக் கையை நீட்டி, நெட்டி முறித்து, மகள் காதில் என்னவோ முனகினாள்.

அன்னக்கொடி சிரித்தாள்.

"அதையா இம்புட்டு நேரமாத் தேடுறீக? நீங்க பரீட்சையில தேறணும்னு ஆத்தா மொத ஊசியை உங்களுக்குத்தாண்ணே எடுத்து, மெழுகைத் தடவி மூடிருச்சு. பத்து நாளைக்கு முன்னாடி உங்க கையில கட்டிவிட்டோம்ல, அந்தத் தாயத்துக்குள்ளதான் இருக்கு."