பனிக்குள் ஓடிய பந்தயம்

காற்று விழுந்துவிட்டது. இரண்டு வள்ளங்களைச் சேர்த்துக் கட்டி, பலகை பரப்பி, மேலே ஏற்றியிருந்த மோட்டார்க் கார் நடுக்கடலில் அப்படியே நின்றது.

"என்னடா இலட்சுமணன், பாய் ஏன் இப்பிடித் தொங்குது?" காரின் ஆசனத்தில் இருந்தபடியே சோமாஸ்கந்தர் கேட்டார்.

"மாசிப் பனி, அண்ணை. வெயில் ஏறினால்தான் இனிக் காத்து" என்றான் வள்ளக்காரன் இலட்சுமணன்.

"வெயில் ஏற அங்கை போட்டி முடிஞ்சிடுமேயடா!"

காரைநகர்க் கடற்கரை மணலில் அன்று காலை மோட்டார்க் கழகத்தாரின் கார் ஓட்டப் போட்டி. அதில் ஓடியவர்தான் கழகத்தில் சேரலாம். ஐம்பது வயதானவரை ஓட விடமாட்டார்கள். பங்குனி பிறந்தால் சோமாஸ்கந்தருக்கு ஐம்பது. இன்று இல்லையென்றால் என்றைக்குமே இல்லை.

கொழும்பில் கடை வைத்திருந்த காலத்தில் பிடித்த பைத்தியம் அது. வாசலில் கார் இரைந்தால் சோமாஸ்கந்தர் சீனி நிறுத்துக்கொண்டிருந்த தராசை அப்படியே விட்டுவிட்டு வெளியே ஓடிவிடுவார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. படம் போட்ட மோட்டார்ப் பத்திரிகைகளைப் பார்த்துத் தானாகவே படித்தார். கடையை விற்றுவிட்டு, தீவிலுள்ள தம் ஊரான இறுப்பிட்டிக்குத் திரும்பியபோது, மூன்று செத்த கார்களைத் தோணியில் கொண்டுவந்து, வீட்டு வளவுக்குள் வைத்து ஓர் உயிருள்ள காராக்கினார்.

கார் நன்றாக ஓடியது. நிற்பதுதான் இல்லை. ஓடுவதற்கு வேண்டியதெல்லாம் பத்திரிகையில் இருந்தது. நிற்பாட்டுவது எப்படி என்பது அடுத்த இதழில் வரும் என்று போட்டிருந்தார்கள். அந்த இதழ் தீவுக்கு வந்து சேரவில்லை. ஆகையால் நிற்க வேண்டிய நேரத்தில் சோமாஸ்கந்தர் வைக்கோற்போரில் போய் மோதுவார்.

"காரைநகர்க் கடற்கரையிலை உங்களுக்கு ஆர் வைக்கோற்போர் வைச்சிருக்கினம்?" என்று மனைவி சௌந்தரநாயகி ஒரு கிழமையாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். நேற்று மாலை திடீரென்று கேள்வி நின்றது. இன்று விடியற்காலையில் விபூதி பூசி, புட்டுக் கட்டிக் கொடுத்து, "போட்டு வாங்கோ" என்று சிரித்தபடியே அனுப்பிவைத்தாள். இருபத்தைந்து வருடக் குடித்தனத்தில் அவள் இப்படி விட்டுக்கொடுத்தது இதுதான் முதல் தடவை. சோமாஸ்கந்தருக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

"பாய் சின்னன், அதுதான்" என்று சொல்லி, சோமாஸ்கந்தர் தம் வேட்டியை அவிழ்த்துப் பாயோடு சேர்த்துக் கட்டச் சொன்னார். முழங்காலுக்குக் கீழே இறங்கிய மோட்டார்க் கோட்டு மானத்தைக் காத்தது. வேட்டி பனியில் நனைந்து பாயைவிடக் கூடுதலாகத் தொங்கியது.

"துடுப்பைப் போடுவம், வா."

இருவரும் மூச்சு வாங்க வலித்தார்கள்.

"ஏலாது, அண்ணை. இது பாரம். நாலு கையாலை இழுக்கிற சாமானே இது?"

"பாரத்தைக் குறைச்சால்?"

பின் ஆசனம் கடலில் விழுந்தது. பிறகு ஒரு பலகைக் கதவு. பிறகு, இலட்சுமணன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, புட்டுப் பொட்டலம்.

"ஐயோ அண்ணை, அது எவ்வளவு பாரம் வரும்!"

"பத்திரிகையிலை போட்டுக்கிடக்கு. பந்தயக்காரன் வெறும் வயித்தோடைதான் ஓடுவானாம்."

அப்போதுதான் அவருக்கு அந்த யோசனை வந்தது. காரைப் பின்னுக்குத் தள்ளி, பின் சில்லுகள் இரண்டும் தண்ணீரைத் தொடும்படி வெளியே தொங்கவிட்டார். துடுப்புகளை முறித்துத் துண்டு துண்டாகச் சில்லுகளில் கட்டினார். கட்டக் கயிறு போதவில்லை. பாய்க் கயிற்றை அறுத்தார். பாய் வேட்டியோடு சேர்ந்து கடலில் சரிந்தது.

இப்போது அவர்களிடம் பாயும் இல்லை, துடுப்பும் இல்லை. கார் மட்டும்தான் இருந்தது. சோமாஸ்கந்தர் வாழ்க்கையில் விரும்பியதும் அதைத்தான்.

இலட்சுமணன் முன்பக்கம் போய் அணியத்தில் குந்திக்கொண்டான். சோமாஸ்கந்தர் தொப்பியை இறுக்கி, மோட்டார்க் கண்ணாடியை மாட்டி, எஞ்சினை முடுக்கினார். சில்லுகள் சுழன்றன. பின்னால் கடல் வெள்ளையாக நுரைத்து எழும்பியது.

"போகுதோடா?"

"இன்னும் கொஞ்சம் இறுக்குங்கோ, அண்ணை!"

இறுக்கினார். கடற்பாசித் திரள்கள் இரு பக்கமும் வழுக்கிக்கொண்டு பின்னே போயின. சற்று முன் எறிந்த கதவு, தூரத்தில் ஒரு கறுப்புப் புள்ளியாகிப் பனியில் கரைந்தது.

"பாரடா கதவை! எவ்வளவு கெதியாய்ப் போகுது!"

"ஓம், அண்ணை. நல்ல கெதியாய்த்தான் போகுது."

வானமும் கடலும் ஒரே வெள்ளையாக இருந்தன. பாதை இல்லை, ஓரமில்லை, நடுவே வந்து மறிக்க மாடில்லை, வைக்கோற்போர் இல்லை. நிற்க வேண்டிய தேவையே இல்லாத ஒரு தெரு, வாழ்நாளில் முதல் தடவையாக அவருக்கு முன்னால் விரிந்து கிடந்தது. எஞ்சின் அதிர்வில் கோட்டு நுனி படபடத்தது. வெறுங்காலில் குளிர் ஏறியதைக்கூட அவர் உணரவில்லை.

அந்த நேரத்தில், பனிக்கு அப்பாலிருந்து, மெல்லிய இரைச்சல் ஒன்று தண்ணீரின் மேல் தவழ்ந்து வந்தது. ஒரு கார். பிறகு இரண்டு. பிறகு பல.

"துவங்கிட்டாங்களடா!"

"காதிலை விழுகுது, அண்ணை."

"கிட்ட வந்திட்டம்! விடமாட்டன்!"

இரைச்சல் ஏறியபோது அவரும் ஏற்றினார். அது வளைந்தபோது அவரும் வளைத்தார். வெள்ளைப் பனிக்குள் அவருக்குப் பக்கத்தில் ஒரு சிவப்புக் கார் வந்தது. துரை ஒருவர் திரும்பிப் பார்த்தார். சோமாஸ்கந்தர் தொப்பியைத் தொட்டு மரியாதை செய்துவிட்டு அவரை முந்தினார். அடுத்து ஒரு நீலக் கார். அதையும் முந்தினார். கரையெல்லாம் சனம். சௌந்தரநாயகிகூட அங்கே நின்று கையைக் காட்டினாள்.

இரைச்சல் ஒவ்வொன்றாக அடங்கியது. எங்கோ தூரத்தில் கைதட்டல் கேட்டது. அந்தக் கைதட்டலுக்கு நடுவே அவருடைய எஞ்சினும் இரண்டு தரம் இருமி, பெற்றோல் தீர்ந்து ஓய்ந்தது.

சோமாஸ்கந்தர் கண்ணாடியைக் கழற்றினார். முகமெல்லாம் உப்பு.

"முடிஞ்சுதோடா?"

"முடிஞ்சுது, அண்ணை."

"கடைசி வளைவிலை ரெண்டு பேரை வெட்டிக்கொண்டு முன்னுக்குப் போனனான். கண்டனியே?"

"கண்டனான், அண்ணை. என்ன ஓட்டம்!"

"அவங்கள் என்னைக் காணேல்லைத்தான். எண்டாலும் கரைக்குப் போய், ஓடித்தான் வந்தனான் எண்டு சொன்னால் சேர்ப்பாங்கள். பெற்றோல் முடியுமட்டும் ஓடியிருக்கிறன்! காரைநகர் இனி எவ்வளவு தூரம்?"

இலட்சுமணன் எழுந்து நின்று, ஒரு தரம் கடலையும் ஒரு தரம் அவரையும் பார்த்துத் தலையைச் சொறிந்தான்.

"காத்து விழேக்கை எவ்வளவு தூரமோ அவ்வளவுதான், அண்ணை, நடுக்கடலிலை நங்கூரத்தைப் போட்டு, போட்டி முடியுமட்டும் எடுக்கக் கூடாதெண்டு சௌந்தரநாயகி அக்கா நேற்று நயினாதீவு அம்மாளிலை சத்தியம் வாங்கினவ, இனித் தூக்கட்டே?"