குழப்படிப் பிள்ளைகளைப் பற்றி நான் ஆற்றிய உரை

பிள்ளை வளர்ப்பைப் பற்றித் துளிகூடச் சந்தேகமில்லாமல் பேசக்கூடியவர்கள் பிள்ளை பெறாதவர்கள்தான். எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்குக் கல்யாணம்கூட ஆகியிருக்கவில்லை. ஆகவே எனக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

ஆசிரியர் பயிற்சியை முடித்த கையோடு வன்னியில் கனகராயன்குளம் பக்கம் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்துக்கு என்னை அனுப்பினார்கள். சிறுவர் உளவியல் பாடத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தவள் என்ற நினைப்போடு போய் இறங்கினேன். (அதைக் கேட்டவர்களுக்கும் சொன்னேன், கேளாதவர்களுக்கும் சொன்னேன்.) அங்கே நாலாம் வகுப்பில் செல்வராணி இருந்தாள்.

செல்வராணி மற்றப் பிள்ளைகளின் கொப்பிகளைக் கிழிப்பாள். தடுத்தால் கடிப்பாள். ஏதாவது கேட்டால் கூரையைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். ஒருநாள் முசுறு எறும்புக் கூடொன்றைப் பிடுங்கிவந்து என் மேசை லாச்சிக்குள் வைத்தாள். அன்று நான் துள்ளிய துள்ளலைப் பார்க்கப் பக்கத்து வகுப்புகளும் வந்து நின்றன.

எழுபத்தேழுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டைத் தீக்குக் கொடுத்துவிட்டு, உடுத்த துணியோடு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம் அது. இதெல்லாம் எனக்குத் தெரியும். அதற்கும் அந்தப் பிள்ளை கடிப்பதற்கும் தொடர்பிருக்கும் என்றுதான் தோன்றவில்லை.

அவளுடைய தாய் மாரியாயி வயல் வேலைக்குப் போகிறவர். பிள்ளையை விளாசித் தள்ளுவார் என்று கேள்விப்பட்டு, அவரைக் கூப்பிட்டு வைத்து வகுப்பெடுத்தேன்.

"இனி அவளில கை வைக்கப்படாது. அடிக்கிறது தோத்துப்போன ஆக்கள் செய்யிற வேலை. விளங்குதோ?"

"சரிங்க டீச்சர்," என்றார் அவர். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர்.

பெற்றோர் தினம் வந்தது. கல்வி அதிகாரி ஒருவர் தலைமை தாங்கினார். "குழப்படிப் பிள்ளைகளைக் கையாளும் முறை" என்ற தலைப்பில் நான் பேசுவதாக ஏற்பாடு. எனக்கு ஒரு செவ்வரத்தம்பூ மாலையும் போட்டார்கள். எனக்கு அது முதல் மாலை, அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் வாங்கிய கடைசி மாலையும் அதுதான்.

நன்றாகத்தான் பேசினேன். மேசைக்குப் பக்கத்தில் நின்றபடி, "கோபத்தில் கை ஓங்கும் ஆசிரியர், ஆசிரியரே அல்லர்," என்று முடித்தபோது கைதட்டல்கூடக் கிடைத்தது. கும்பிட்டுவிட்டு முன்னால் ஓரடி வைத்தேன். சேலை பின்னால் இழுத்தது. பலமாக இழுத்தேன். மேசை சரிந்தது. அதிகாரிக்கென்று உடைத்து வைத்திருந்த சோடாப் போத்தல்கள் உருண்டு, முன்வரிசையிலிருந்த கணக்கு வாத்தியாரின் வெள்ளைக் காற்சட்டையில் கொட்டின. விழுந்த மேசைக்குப் பின்னால், என் சேலைத் தலைப்பை மேசைக்காலில் கட்டிய முடிச்சைப் பிடித்தபடி செல்வராணி குந்தியிருந்தாள்.

இழுத்து நிறுத்தி, கன்னத்தில் அறைந்தேன். இரண்டாவது அறையும் விழுந்த பிறகுதான் கொட்டகை முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

பின்வரிசையிலிருந்து மாரியாயி எழுந்து மேடைக்கு வந்தார். என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"டீச்சர், நீங்க சொன்னதுலேருந்து நான் இவ மேல கை வைக்கிறதேயில்லீங்க," என்றார். "இப்ப என்ன செய்யிறதுன்னு சொல்லுங்க. அடிக்கலாமா, வேணாமா?"

அதில் கிண்டல் ஒரு துளியும் இல்லை. அவருக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது.

"அவா கேக்கிறதுக்கு மறுமொழி சொல்லுங்கோ ரீச்சர்," என்றார் கல்வி அதிகாரி.

நான் பிள்ளையின் பக்கம் திரும்பினேன். "ஏன் கட்டினனீ?" என்று கேட்டேன். அவளிடம் ஏன் என்று நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அவள் இந்த முறை கூரையைப் பார்க்கவில்லை. "மாலை போட்டாங்கன்னா டீச்சருங்க போயிருவாங்க. போன டீச்சருக்கும் இப்படித்தான் மாலை போட்டாங்க. மறுநாள் வரல்ல."

எனக்கு முன் இருந்த ஆசிரியையின் பிரியாவிடையைச் சொல்கிறாள். எனக்குப் பிரியாவிடை ஒன்றும் இல்லை. ஆனால் அந்த மாதம் முழுக்க, ஊர்ப்பக்கம் இடமாற்றம் வாங்கித் தரச் சொல்லி நான் ஆள் பிடித்துக்கொண்டிருந்தேன். அது பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் தெரியாத விஷயம். பிள்ளைக்குத் தெரிந்திருக்க வழியில்லை. ஆனாலும் அவள் பிழையாகச் சொல்லவில்லை.

முடிச்சை அவிழ்க்கப் பார்த்தேன். முடிச்சு இன்னும் இறுகியது. செல்வராணிதான் குனிந்து பல்லால் கடித்து அவிழ்த்துவிட்டாள், கன்னத்தில் என் விரல் அடையாளத்தோடு.

மாற்றத்தை வேண்டாம் என்றேன். அதற்காக அவள் திருந்திவிட்டாள் என்றில்லை. அடுத்த கிழமையே ஒருவனின் காதைக் கடித்தாள். ஏன் என்று கேட்டேன், சொன்னாள். கடிகள் மெல்ல மெல்லத்தான் குறைந்தன.

சோடாவில் நனைந்த கணக்கு வாத்தியாரைப் பிறகு நான் கல்யாணம் செய்துகொண்டேன். கல்யாண வீடுகளில் இளம் தாய்மாருக்கு நான் ஆலோசனை சொல்லத் தொடங்கினால் இப்போதும் என் மகள்மார், "அம்மா, சீலைத் தலைப்பு கவனம்," என்பார்கள். கேட்டவர்களுக்குக் கதையைக் கணக்கு வாத்தியார்தான் சொல்லுவார். மேசை விழும், சோடா கொட்டும், காற்சட்டை நனையும், எல்லாரும் சிரிப்பார்கள். அந்த இரண்டு அறைகளையும் அவர் ஒருநாளும் சொன்னதில்லை. மகள்மாருக்கு அது தெரியாது. நானும் சொல்லாமல், அவர்களோடு சேர்ந்து சிரித்துவிட்டு எழும்பித் தேத்தண்ணி எடுத்துவரப் போய்விடுவேன்.