பெரட்டுக்கு எழும்பாத பிள்ளை

பிள்ளை அழுகிறதே என்று பயப்படும் தாய்மார் உண்டு. நான் என் பிள்ளை அழவில்லையே என்று பயந்து ஒரு தோட்டத்தையே வீட்டு வாசலில் கூட்டியவள். பயத்துக்குப் படிப்பு மருந்து என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். படித்தவளின் பயம் இன்னும் ஒழுங்காக, காரணகாரியத்தோடு வரும் என்பது பிறகுதான் தெரிந்தது.

என் கணவர் இலங்கை மலையகத்தில் லுணுகலைக்கு மேலேயிருந்த ஒரு தேயிலைத் தோட்டத்தில் ஆபீஸ் கிளாக்கர். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் படிப்பித்தேன். பிள்ளை பிறந்ததால் லீவில் இருந்தேன். எங்களுக்குக் கிடைத்த குவாட்டர்ஸ் தேயிலைத் தொழிற்சாலைக்கு நேர் கீழே. (தொழிற்சாலை என்று நான்தான் சொல்வேன். மற்ற எல்லோருக்கும் அது இஸ்டோரு.) கொழுந்து அரைக்கும் இயந்திரங்கள் ஓடத் தொடங்கினால் சுவரில் மாட்டிய கண்ணாடி நடுங்கும். அந்த நடுக்கத்திலேயே என் வயிறு வளர்ந்தது, அந்த நடுக்கத்திலேயே மகள் வாசுகியும் பிறந்தாள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. அரிசியும் இல்லை, மாவும் இல்லை. தொழிலாளர் குடியிருந்த லயங்களில் மனிதர்கள் மரவள்ளிக்கிழங்கையும் கீரையையும் அவித்துத் தின்று மலையேறினார்கள். கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைப்பிள்ளைகளை விட்டுச் செல்லும் பிள்ளைக்காம்பரா எங்கள் வேலிக்கு அப்பால் இருந்தது. அங்கே சேலைத் தொட்டில்கள் வரிசையாகத் தொங்கும். அந்த வருடம் தொட்டில்கள் ஒவ்வொன்றாக அவிழ்க்கப்பட்டன. முன்லயத்துச் சிவபாக்கியத்தின் தொட்டிலும் அவற்றில் ஒன்று. அவள் மகள் செல்வி என் வாசுகிக்கு ஒரு மாதம் மூத்தவள்.

என் வீட்டில் பால்மா டின் இருந்தது. எப்படியோ அரிசியும் வந்துகொண்டிருந்தது. அதுதான் என்னைத் தின்றது. எல்லார் பிள்ளைக்கும் வந்தது என் பிள்ளைக்கு மட்டும் வராமல் எப்படிப் போகும்? வேறு வழியாக வரும். அந்த வழி எது என்று தேடுவதே என் வேலையானது. மூச்சு வருகிறதா என்று மூக்கருகில் கைக்கண்ணாடியைப் பிடிப்பேன். கண்ணாடியில் ஆவி படிந்தால், அது மலைப்பனியாக இருக்குமோ என்று துடைத்துவிட்டு மறுபடி பிடிப்பேன். தூங்கும் பிள்ளையை எழுப்பிப் பார்ப்பேன். எழுந்துவிட்டால் ஏன் இவ்வளவு சுலபமாக எழுந்தாள் என்று யோசிப்பேன்.

அந்த நேரம் பார்த்து, கொழும்பிலிருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகையில் டாக்டர் ஒருவர் எழுதியிருந்தார்: ஐந்து மாதப் பிள்ளை சத்தம் வரும் பக்கம் திரும்பாவிட்டால் காதைக் கவனிக்க வேண்டும். வாசுகிக்கு ஐந்து மாதம். வழி அகப்பட்டுவிட்டது.

கை தட்டினேன். திரும்பவில்லை. பீங்கானில் கரண்டியால் அடித்தேன். திரும்பவில்லை. தொழிற்சாலைச் சங்கு தலைக்கு மேல் அலறியது. நான் துள்ளினேன், அவள் கட்டை விரலைச் சூப்பிக்கொண்டு தூங்கினாள். தகரப் பேசினைச் சீமெந்துத் தரையில் போட்டபோது ஆபீசிலிருந்து கணவர் வந்து நின்றார்.

"என்ன கமலா இது, வீட்டுல பாத்திரம் ஒண்ணும் மிஞ்சாது போலயே."

"இவளுக்குக் காது கேக்கலங்க."

"நேத்து மூச்சு வரலன்னே."

"அது நேத்து."

அவர் பேசினை எடுத்து நிமிர்த்தி வைத்துவிட்டுப் போனார். அந்தப் பொறுமைதான் எனக்குக் கோபத்தைக் கிளப்பியது. கணவருக்குப் புரியும்படி, ஊருக்கே தெரியும்படி ஒரு சோதனை செய்ய வேண்டும் என்று முடிவெடுத்தேன். (முடிவு நன்றாகவே நிறைவேறியது.)

விடியற்காலையில் ஆட்களை வேலைக்குக் கூட்டிப் பேர் பதிவதற்குப் பெரட்டு என்று பெயர். அதற்குத் தப்பு மேளம் அடித்து எழுப்புகிறவர் மாரியப்பன். தோட்டத்தில் அவருடைய தப்பை மிஞ்சிய சத்தம் கிடையாது. மத்தியானம் அவர் எங்கள் வேலியோரமாகப் போனபோது கூப்பிட்டேன்.

"மாரியப்பண்ணே, தப்ப எடுத்துக்கிட்டு வந்து நம்ம ஜன்னல்கிட்ட கொஞ்சம் அடிக்கணும்."

"இப்பவாங்கம்மா?"

"இப்பத்தான். புள்ளைக்குக் காது கேக்குதான்னு பாக்கணும்."

அவர் தலையைச் சொறிந்தார். "கொஞ்சமா அடிக்கிறதுக்கு இதுல தோதில்லீங்களே டீச்சரம்மா."

"நல்லாவே அடிங்க."

வைக்கோல் கொளுத்தித் தப்பைக் காய்ச்சி, விரலால் சுண்டிப் பார்த்துக்கொண்டு ஜன்னலடியில் வந்து நின்றார். தன் தொழிலை ஒரு டீச்சர் மதித்துக் கூப்பிட்டதில் அவருக்குப் பெருமைதான்.

"எந்த அடிங்கம்மா? பெரட்டு அடியா, சாமி அடியா?"

"எதுல சத்தம் ரொம்ப இருக்கோ அத அடிங்க."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். நான் அவசரத்தில் இருந்தேன். அடித்தார். நல்ல கலைஞர். தொடங்கிய பிறகு பாதியில் நிறுத்தும் பழக்கமில்லாதவர். ஜன்னல் கம்பி அதிர்ந்தது. நான் தொட்டிலுக்கு மேல் குனிந்து வாசுகியின் இமையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இமை அசையவில்லை. "இன்னும் பலமா" என்று கத்தினேன்.

தோட்டத்திலேயே சத்தம் மிகுந்தது சாவு அடி. மேல்மலைக்கும் கீழ்மலைக்கும் எட்ட வேண்டிய செய்தி அல்லவா? பட்டணத்துக்காரியான எனக்கு ஒரு அடிக்கும் இன்னொரு அடிக்கும் வித்தியாசம் தெரியாது. தோட்டத்தில் மற்ற எல்லோருக்கும் தெரியும்.

முதலில் பிள்ளைக்காம்பரா ஆயா ஓடி வந்தாள். பிறகு மலையிலிருந்து பெண்கள் இறங்கினார்கள், கூடையை இறக்கக்கூட நிற்காமல். கிளாக்கரையா வீட்டிலிருந்து சாவு மேளம் கேட்கிறது, அந்த வீட்டில் கைப்பிள்ளை இருக்கிறது. அந்த வருடம் அதற்கு மேல் யாரும் விசாரிக்கத் தேவையிருக்கவில்லை. வாசலுக்கு வந்ததும் கூந்தலை அவிழ்த்து மார்பில் அடித்துக்கொண்டார்கள். நான் கதவில் நின்றேன். கையில் பீங்கானும் கரண்டியும் இருந்தன. யாரும் சாகவில்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குப் பதிலாக அழுகை வந்தது. மாதக்கணக்கில் அடக்கி வைத்த அழுகை. ஒரு சொல்லுக்கும் இடம் விடவில்லை. இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் எல்லோருக்கும் தீர்ந்தது.

கணவர் ஓடி வந்தார். என் முகத்தைப் பார்த்தார். படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பேனாவை இன்னும் பிடித்திருந்தார்.

சிவபாக்கியம் என் காலடியில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். வாசுகியின் பெயரைச் சொல்லித்தான் தொடங்கினாள். பாதியில் வாசுகி போய்ச் செல்வி வந்தாள். அவளுக்கே அது தெரியவில்லை. செல்வி இறந்த அன்று அவளால் அழ முடியவில்லை என்று சொல்லக் கேட்டிருந்தேன். சுற்றியிருந்த பெண்களும் அவரவர் பெயர்களைச் சொல்லத் தொடங்கினார்கள். நான் கேட்டிராத பெயர்கள். என் வாசலில் அன்று எத்தனை பிள்ளைகளுக்காக அழுதார்களோ.

மேலே தொழிற்சாலையில் ஒரு நல்ல மனிதர் மரியாதைக்காக இயந்திரங்களை நிறுத்தினார். கொழுந்து அரைக்கும் ரோலர் நின்றது. மாரியப்பனும் மிரண்டுபோய்க் கையை நிறுத்தினார். கண்ணாடியின் நடுக்கம் அடங்கியது. அந்தத் தோட்டத்துக்கு வந்த நாளிலிருந்து அப்படியொரு அமைதியை நான் கேட்டதில்லை.

வாசுகியும் கேட்டதில்லை. திடுக்கிட்டு விழித்து, வீடே அதிர வீரிட்டாள்.

ஒப்பாரி நின்றது. சிவபாக்கியம் மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்து உள்ளே எட்டிப் பார்த்தாள்.

"அடி ஆத்தி, உசுரோடதானே கிடக்கு."

பிறகு தாழ்ந்த குரலில், கிசுகிசுப்பதைப் போல, "என்னடி தங்கம்" என்றாள். என் மகள் அழுகையை நிறுத்திவிட்டுச் சட்டென்று அவள் பக்கம் தலையைத் திருப்பினாள். சின்னச் சத்தம் அவளுக்குப் புதிது. பெரிய சத்தம் அவளுக்குக் காற்றைப் போல எப்போதும் இருப்பது.

அப்போது மோட்டார் சைக்கிளில் தோட்டத்தை நடத்தும் தொரை வந்து இறங்கினார். யார் செத்தது என்று கேட்டார். ஆட்களை வேலை வாங்கும் கங்காணி தலைப்பாகையைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"யாரும் சாகலீங்க தொரை."

"அப்ப என்னத்துக்கு மேளம்?"

"புள்ள தூங்குச்சுங்க."

தொரை என்னைப் பார்த்தார், பீங்கானைப் பார்த்தார், மேலே புகை வராத புகைபோக்கியைப் பார்த்தார். இயந்திரம் நின்றதில் அன்றைய கொழுந்தெல்லாம் அளவுக்கு மீறிப் புளித்துப் போயிற்று. (அந்தத் தேயிலையை எந்த நாட்டில் யார் குடித்தார்களோ, அவர்களிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.)

மருந்துக்காம்பராவிலிருந்து வந்த டாக்டரய்யா வாசுகியின் காதைப் பார்த்தார். எல்லா நோய்க்கும் ஒரே சிவப்பு மருந்தைக் கொடுக்கிறவர் என்று நான் அவரைக் கேலி செய்வதுண்டு. அன்று போத்தலைத் திறக்கவேயில்லை.

"புள்ளைக்கு ஒண்ணுமில்ல. நீங்க கடைசியா எப்பம்மா நல்லாத் தூங்குனீங்க?"

யோசித்துப் பார்த்தேன். பிள்ளையின் பால், பிள்ளையின் மூச்சு, பிள்ளையின் காது என்று அதுவரை எத்தனையோ பேர் கேட்டிருந்தார்கள். என்னைப் பற்றிக் கேட்டது அதுதான் முதல் தடவை. மறு வாரம் கணவர் என்னைப் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு லேடி டாக்டர், பிள்ளைப்பேற்றுக்குப் பிறகு சில பெண்களுக்கு மனம் இப்படி ஓயாமல் ஓடும், அதுவும் ஒரு நோய்தான், குணமாகும் என்றார். நோய் என்று கேட்டதும் நான் நிம்மதியாக அழுதேன். அதுவரை அதை என் குணம் என்று நினைத்திருந்தேன்.

மாத்திரை பாதி குணமாக்கியது. மீதி, கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு அந்திநேரத்தில் வந்து வாசுகியை மடியில் வைத்துக்கொண்ட சிவபாக்கியம். நான் பக்கத்தில் படுத்துத் தூங்குவேன். என்ன சொல்லி அவளுக்கு ஈடு செய்வது என்று தெரியாமல் ஒருநாள் விழித்தேன். "படுங்க டீச்சரம்மா, எனக்கும் மடி சும்மாதானே இருக்கு" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "நாளைக்குப் பல்லு முளைக்கலன்னா யாரக் கூப்பிடுவீங்க, ஆசாரியையா?" என்றாள். அவளும் நானும் சேர்ந்து சிரித்த முதல் சிரிப்பு அது.

இப்போதும் அந்தத் தோட்டத்தில் நேரங்கெட்ட நேரத்தில் தப்புச் சத்தம் கேட்டால், "சாவா, டீச்சர் மகளா?" என்று கேட்டுவிட்டுத்தான் கூடையை இறக்குகிறார்களாம். வீட்டில் வாசுகி காலையில் எழும்பாவிட்டால், "மாரியப்பனுக்கு ஆளனுப்பட்டுமா?" என்பார் கணவர்.

அவளுக்கு இப்போது ஒன்பது வயது. கதைப் புத்தகத்தில் தலையைப் புதைத்துக்கொண்டால் உலகம் தெரியாது. நான் குணமாகி வருடங்களாகின்றன. ஆனாலும் சில நாட்களில், சமையல்கட்டு வாசலில் நின்று, அவளுக்குத் தெரியாமல், மூச்சளவு குரலில் பெயரைச் சொல்லிப் பார்ப்பேன்.

"கேக்குதும்மா" என்பாள், திரும்பாமலே.