ஆட்டுத்தோலில் என் உருவப்படம்

நாலு ஊர் சுற்றினால் நாலு விஷயம் தெரிந்துகொள்ளலாம் என்பார்கள். நானும் ஒரு மத்தியானம் முழுக்க வேலூரைக் கால்நடையாகச் சுற்றியிருக்கிறேன். தெரிந்துகொண்டது ஒரே விஷயம்தான், அதையும் முதுகால் தெரிந்துகொண்டேன். (முதுகுக்குக் கீழேயும் பங்கு உண்டு. பேரப்பிள்ளைகள் படிப்பார்கள் என்பதால் முதுகோடு நிறுத்துகிறேன்.)

அப்போது எனக்கு இருபத்திரண்டு வயது. ஆம்பூரில் ஒரு சாயபுவின் தோல் பதனிடும் ஷாப்பில் கடிதம் எழுதும் குமாஸ்தாவாகச் சேர்ந்து ஆறு மாதம் ஆகப்போகிறது. ஆறு மாதமும் தற்காலிகம். என்னை நிரந்தரமாக்குவதா, வீட்டுக்கு அனுப்புவதா என்று அந்த வாரக் கடைசியில் முதலாளி சொல்வதாக இருந்தது. விரிஞ்சிபுரத்தில் எனக்குப் பார்த்திருந்த பெண்ணின் அப்பாவும் அதற்குத்தான் காத்திருந்தார். வேலை நிலைத்தால் தாம்பூலம் மாற்றலாம், இல்லாவிட்டால் பெண்ணுக்கு வேறு இடமும் வந்திருக்கிறது என்று மரியாதையாகவே சொல்லி அனுப்பியிருந்தார்.

இந்தச் சமயம் பார்த்து முதலாளி என்னைக் கூப்பிட்டு, தோல் வாங்கும் மெட்ராஸ் ஏஜெண்ட் வேலூருக்கு வந்திருக்கிறார், சாம்பிளை அவரிடம் சேர்த்துவிட்டு வா என்றார். மூன்று ஆட்டுத்தோல். மேஸ்திரி சின்னப்பன் அவற்றைக் கனத்த துணியில் சுற்றி, கயிறு போட்டுக் கட்டிக் கொடுத்தார்.

"எங்கயும் பிரிக்காத. அப்டியே கொண்ட்டு போய் அவரு கைல குட்த்துடு."

ஏன் பிரிக்கக் கூடாது என்று நான் கேட்கவில்லை. திருட்டுப் பயமாக இருக்கும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். தோலைப் பற்றி ஆறு மாதமாகச் சீமைக்குக் கடிதம் எழுதுகிறவன் ஒரு மேஸ்திரியிடம் போய்ச் சந்தேகம் கேட்பதாவது!

காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி, ஜட்கா பிடித்து, ஏஜெண்ட் தங்கியிருந்த வீட்டுக்குப் போனால் அவர் ராணிப்பேட்டைக்குப் போயிருக்கிறார், ஐந்து மணிக்குத்தான் வருவார் என்றார்கள். மணி பன்னிரண்டரை. அதுவரை நான் வேலூரைப் பார்த்ததில்லை. அத்தானின் இரவல் கோட்டு, அன்று காலைதான் பெட்டியிலிருந்து எடுத்த வெள்ளை வேஷ்டி, தோளில் மூட்டை. ராஜா நகர்வலம் வருகிற நினைப்பில் சித்திரை வெயிலில் கிளம்பினேன்.

பஜாரை ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்தேன். கோட்டை அகழியை எட்டிப் பார்த்து, முதலை தெரிகிறதா என்று அரை மணி நேரம் தேடினேன். திப்பு குடும்பத்தார் இருந்த மாளிகை எது என்று ஒருவரைக் கேட்டு, அவர் காட்டிய கட்டடத்தை வாயைப் பிளந்து பார்த்தேன். (அது சர்க்கார் கச்சேரிக் கட்டடம் என்று பிற்பாடு தெரிந்தது.) கோட்டைக்குள் இருக்கும் கோயிலுக்குள் நுழைந்து, யாளித் தூண்களைத் தடவிப் பார்த்துவிட்டு, சந்நிதிக்கு நேரே நின்று கண்ணை மூடி, வேலை நிரந்தரமாக வேண்டும் என்று உருகி வேண்டிக்கொண்டேன். கண்ணைத் திறந்தபோதுதான் உள்ளே சாமி இல்லை என்பது தெரிந்தது. அந்தக் காலத்தில் அந்தக் கோயிலில் சாமியும் கிடையாது, பூஜையும் கிடையாது. ஊருக்கே தெரிந்த சங்கதி. ஆளில்லாத வீட்டில் மனுக் கொடுத்தவன் நான் ஒருவன்தான்.

அதற்குள் கால் விட்டுப்போயிற்று. கோட்டை மதில்மேல் ஏறி, ஒரு வேப்பமர நிழலைப் பிடித்தேன். தரையெல்லாம் செம்மண்ணும் நெருஞ்சி முள்ளும். வெள்ளை வேஷ்டியோடு எப்படி உட்காருவது? மூட்டையில் மூன்று தோல் இருக்கிறதே என்று புத்தி வேலை செய்தது. இரண்டை விரித்தேன், ஒன்றைத் துணியோடு சுருட்டித் தலைக்கு வைத்தேன். ஐந்தே நிமிஷம் என்றுதான் படுத்தேன்.

விழித்தபோது நிழல் என்னை விட்டுவிட்டு எங்கோ போயிருந்தது. முகம் எரிந்தது. எழுந்து தோலைப் பார்த்தேன். வைக்கோல் நிறத்தில் இருந்த தோல் செங்கல் நிறத்துக்கு மாறியிருந்தது. நான் படுத்திருந்த இடம் மட்டும் பழைய நிறத்திலேயே இருந்தது. இரண்டு தோலையும் சேர்த்துப் பார்த்தால் நானேதான். தோள், மடக்கிய முழங்கை, இடுப்பு, (மன்னிக்கவும் பேரப்பிள்ளைகளே) அதற்குக் கீழேயும், எல்லாம் தெளிவாக இருந்தன.

வெளுத்த இடத்தையும் சிவக்க வைத்துவிடலாம் என்று சூரியனுக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். வேலூரில் என்றுமில்லாத வழக்கமாக அன்றைக்கு மேகம் வந்தது. மூட்டையை அகழியில் எறிந்துவிட்டு முதலைமேல் பழியைப் போடலாமா என்றுகூட யோசித்தேன். முதலையை நான்தான் பார்க்கவே இல்லையே.

ஏஜெண்ட் ஐம்பது வயதுக்காரர், மூக்குக் கண்ணாடி போட்டவர். தோல்களை மேஜைமேல் விரித்து, தோலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி தோலைப் பார்த்தார்.

"தம்பி, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி நில்லு."

நின்றேன்.

"எவ்ளோ நேரம் படுத்திருந்தே?"

"ரெண்டு மணி நேரம் இருக்குங்க."

அவர் பேனாவை எடுத்தார். ஒரு கடிதம் எழுதி, ஒட்டி, முதலாளியிடம் கொடுக்கச் சொல்லித் தோல்களோடு அனுப்பிவிட்டார். ரயிலில் அந்தக் கடிதம் நெஞ்சுக்கு நேரே கோட்டுப் பையில் கனத்தது. ரயில் விரிஞ்சிபுரத்தைத் தாண்டும்போது ஜன்னல் பக்கம் திரும்பவே தைரியம் வரவில்லை.

மறுநாள் காலை முதலாளி கடிதத்தைப் படித்துவிட்டு என்னைக் கூப்பிடாமல் மேஸ்திரியைக் கூப்பிட்டார்.

"சின்னப்பா, இந்தத் தோல கடுக்காத் தண்ணில எத்தினி நாள் போட்டே?"

மேஸ்திரி என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார். "ஒரு நாள் கம்மிங்க. சாம்பிள் அவசரம்னீங்க."

ஆவாரம்பட்டையில் பதனிட்ட தோல் வெயில் பட்டால் சிவந்துபோகும். கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் நன்றாக ஊறினால்தான் சிவக்காது. இது ஆம்பூரில் கைக்குழந்தைக்கும் தெரியும், கடிதம் எழுதும் குமாஸ்தாவுக்குத்தான் தெரியாது. எங்கயும் பிரிக்காதே என்று மேஸ்திரி சொன்னதன் காரணம் அப்போதுதான் விளங்கிற்று.

முதலாளி கடிதத்தை எனக்கே வாசித்துக் காட்டினார். தோலை வெயிலில் போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஏஜெண்டே நினைத்திருந்தாராம். அதை உங்கள் ஆள் உடம்பைக் கொடுத்துச் செய்து முடித்துவிட்டார், இல்லாவிட்டால் மொத்தச் சரக்கும் சீமைக்குப் போய்ச் சிவந்து திரும்பியிருக்கும், கடுக்காயில் இன்னொரு முறை போட்டு அனுப்புங்கள், எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன் என்று எழுதியிருந்தார்.

"இன்னாப்பா நிக்கிறே? போய் வேலையப் பாரு. இனிமே நீ நம்ம ஆளு," என்றார் முதலாளி.

போன உயிர் திரும்பி வந்தது. பக்கத்தில் இருந்த எதன்மேலோ பொத்தென்று உட்கார்ந்தேன். ஷாப்பே ஒரே குரலில் எழுந்திரு என்றது. உட்கார்ந்தது மறுநாள் அனுப்ப வேண்டிய தோல் அடுக்கின்மேல்.

அதற்குப் பிறகு எங்கள் ஷாப்பில் ஒவ்வொரு சரக்கிலும் ஒரு தோலை எடுத்து, நடுவில் தட்டைக் கவிழ்த்து வெயிலில் போடுவார்கள். அதற்குப் பெயர் குமாஸ்தாவைப் படுக்கப் போடுவது. வாங்க ஆளில்லாத அந்த இரண்டு தோலையும் முதலாளி என் கல்யாணத்துக்கே பரிசாகக் கொடுத்துவிட்டார்.

விரிஞ்சிபுரத்துக்காரி அவற்றைக் கறுப்புத் துணியில் சுற்றி, டிரங்குப் பெட்டியின் அடியில் வைத்திருக்கிறாள். கல்யாணத்தில் போட்டோ எடுக்கவில்லை, ஆகவே என் இளவயதுக்கு அது ஒன்றுதான் சாட்சி. வீட்டுக்கு வந்த மூன்று மருமகள்களுக்கும், வந்த முதல் வாரத்திலேயே, ஜன்னலைச் சாத்திவிட்டு அதை விரித்துக் காட்டியிருக்கிறாள். அவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும்போதே மறுபடி சுற்றிவிடுவாள்.

"ஜாஸ்தி நேரம் பாக்காதம்மா, செவந்துடுவாரு."