விதிமுறைக்கு உட்படாத சிரிப்பு

ஒரு குடும்பத்தின் வரலாறு ஆளாளுக்குக் கைப்பேசியில் சிதறிக் கிடப்பது நல்லதல்ல என்பதை எல்லோரும் ஒருமனதாக ஏற்றுக்கொண்டார்கள். ஏற்றுக்கொள்வதில் செலவில்லை. யார் ஒழுங்குபடுத்துவது என்ற கேள்வி வந்ததும் எல்லாக் கண்களும் சூப்பிரண்டு பக்கம் திரும்பின.

சூப்பிரண்டு, ஆவணக் காப்பறையில் சூப்பிரண்டாகவே ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு அதிகாரம் செலுத்த அவருக்கு மிஞ்சியது மனைவியும் ஒரு மின்விசிறியும்தான். மனைவி அவர் சொல் கேட்பதில்லை. ஆகவே இந்தப் பொறுப்பு வந்ததும் போன உயிர் திரும்பியவராக நிமிர்ந்து உட்கார்ந்தார். அன்று மாலையே சொந்தபந்தங்களுக்குச் சுற்றறிக்கை போயிற்று. அவரவர் வசமுள்ள படங்களை, பழைய காகிதப் படமானால் கைப்பேசியில் பிடித்து, அவருக்கு அனுப்ப வேண்டியது. அனுப்பியபின் தங்களிடமுள்ளதை அழித்துவிட வேண்டியது. இரண்டு பிரதி இருந்தால் குழப்பமாம். கைப்பேசியில் இடம் மிச்சமாகிறதே என்று எல்லோரும் முதலாவதைவிட இந்த இரண்டாவது கட்டளையைத்தான் சிரமேற்கொண்டு நிறைவேற்றினார்கள்.

ஒவ்வொரு படத்துக்கும் ஆண்டு, வழி, உறவு, நிகழ்வு என்ற வரிசையில் பெயர் வைப்பது என்று முடிவாயிற்று. இதில் உறவுதான் கழுத்தை அறுத்தது. ஒரே ஆள் ஒருத்தருக்குப் பெரியப்பா, இன்னொருத்தருக்கு மாமா, மூன்றாமவருக்குக் கொழுந்தன். சூப்பிரண்டு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, உறவு என்பது கோப்பைப் பராமரிக்கும் அலுவலரிடமிருந்தே கணக்கிடப்படும் என்று ஆணையிட்டார். அதன்படி அவருடைய மச்சினி, தன் சொந்தக் கல்யாணப் படத்தில், 'மனைவி வழி, இரண்டாம் நிலை' ஆனாள்.

மச்சினி சும்மா இருப்பாளா? படங்களைத் தேர்ந்தெடுக்க அவர் அமைத்த பரிசீலனைக் குழுவில் சூப்பிரண்டு, அவர் மனைவி, மச்சினி என்று மூன்றே பேர். இரண்டாம் நிலைக்காரிக்கு அங்கே என்ன வேலை என்று சொல்லி மச்சினி வர மறுத்தாள். தங்கச்சி வராத இடத்துக்கு நானும் வரமாட்டேன் என்றாள் மனைவி, பக்கத்து அறையிலிருந்தபடியே. குழு கூடவே இல்லை.

வழுக்கைத் தலைக்காரர் விவகாரம் தனி. பல விசேஷப் படங்களில் ஓரமாக, கையில் தட்டோடு, நல்ல முகவெட்டுள்ள ஒருவர் நின்றிருந்தார். சூப்பிரண்டு வழியில் கேட்டால் மனைவி வழி என்றார்கள். மனைவி வழியில் கேட்டால் உங்காளுதானே என்றார்கள். இரண்டு தரப்பும் சான்றளித்துவிட்டதால் அவர் உறவினர்தான் என்பதில் ஐயமில்லை என்று தீர்மானித்து, 'அடையாளம் நிலுவை' என்று சூப்பிரண்டு குறித்துக்கொண்டார்.

கண் மூடிய படம், வாய் திறந்த படம், தலை சாய்ந்த படம், விரல் மறைத்த படம் ஆகியவை குறைபாடுள்ளவை. அவற்றுக்குப் பெயர் கிடையாது. 'நிராகரிக்கப்பட்டவை' என்ற ஃபோல்டரில் போட்டு, குழுவின் ஒப்புதலுடன் அழிக்க வேண்டும்.

இந்த நேரத்தில்தான் அக்கா வந்தாள். சூப்பிரண்டுக்கு மூத்தவள். ஊரே அவரைச் சூப்பிரண்டு என்றாலும் அவளுக்கு அவர் வெறும் டேய்தான்.

"டேய், அம்மா சிரிச்ச போட்டோ ஒண்ணு இருக்குமே, அதைக் குடு."

"கோப்புப் பேர் சொல்லுக்கா, எடுத்துத் தர்றேன்."

"நீதானடா பேர் வைக்கிறவன்."

"நிராகரிச்சதுக்கெல்லாம் பேர் வைக்கிறதில்ல."

"பேர் இல்லாம எப்படிடா கேக்கிறது?"

"கேக்க முடியாது," என்றார் சூப்பிரண்டு. விதி தெளிவாக இருப்பதில் அவருக்கு ஒரு திருப்தி.

அதற்குப் பதிலாக அம்மாவின் அங்கீகரிக்கப்பட்ட படத்தைத் திறந்து காட்டினார். நேராக நிமிர்ந்து, வாயை இறுக மூடி, யாரோ கேள்வி கேட்கப்போகிறார்கள் என்பதுபோல அம்மா விறைத்து நின்றாள். அக்கா அதைப் பார்த்தாள். குரல் தணிந்துவிட்டது.

"இது அடையாள அட்டைக்கு நிக்கிறவடா. அம்மா முகம் எனக்குக் கொஞ்சங் கொஞ்சமா மறந்துட்டே வருது. கண்ணை மூடுனா இந்த விறைச்ச மூஞ்சிதான் வருது. எங்கிட்ட இருந்த போட்டோ செல்லரிச்சுப் போச்சு. அதுக்கு முன்னாடி போன்ல பிடிச்சு உனக்கு அனுப்பினதையும் நீ சொன்னேன்னு அழிச்சுட்டேன்."

சூப்பிரண்டு, அழித்துவிட்டோமோ என்று ஒரு கணம் நிஜமாகவே பயந்துபோனார். பிறகுதான் நினைவு வந்தது. அழிக்கக் குழுவின் ஒப்புதல் வேண்டும், குழு கூடவில்லை. கூட்டம் கூடாததால் அம்மா பிழைத்தாள்.

ஃபோல்டரைத் திறந்தார். கண்ணை மூடி, வாயைத் திறந்து, தலையைச் சாய்த்து, பக்கத்திலிருந்தவள் தோளைப் பிடித்துக்கொண்டு அம்மா சிரித்துக்கொண்டிருந்தாள். படத்தின் மூலையில் ஒரு கட்டைவிரல். அது சூப்பிரண்டின் கட்டைவிரல். யாரும் அசையக்கூடாது என்று அதட்டியபடியே பின்னால் நகர்ந்து, தண்ணீர்த் தொட்டிக்குள் அவர் விழுந்த நொடியில் எடுபட்ட படம் அது. விரல் மறைத்த படங்களை நிராகரிக்கும் விதி எங்கிருந்து முளைத்தது என்பது அக்காவுக்கு இப்போது விளங்கிவிட்டது. அவள் அம்மா மாதிரியே சிரித்தாள். சூப்பிரண்டும் சிரித்தார், கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

விஷயம் பரவியதும் எல்லோரும் படம் கேட்டு வரிசையில் நின்றார்கள். கேட்டதெல்லாம் நிராகரிக்கப்பட்டவற்றிலிருந்துதான். அழகாகப் பெயர் சூட்டிய படங்களை ஒருவர்கூடக் கேட்கவில்லை. மச்சினி, தன் கல்யாணத்தில் மாப்பிள்ளை கொட்டாவி விடும் படம் கிடைத்ததும் சமாதானமாகிக் குழுவில் மீண்டும் சேர்ந்தாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கற்ற பாடத்தை நடைமுறைப்படுத்தாவிட்டால் அவர் என்ன சூப்பிரண்டு? திருத்திய விதி வந்தது. இனி இயல்பான சிரிப்புள்ள படங்கள் மட்டுமே ஏற்கப்படும். மற்றவை அன்றே அழிக்கப்படும்.

அடுத்து வந்த பேத்தியின் பிறந்தநாளுக்கு எல்லோரும் இயல்பாக இருக்கப் பயிற்சி எடுத்துக்கொண்டு வந்தார்கள். சிலர் கண்ணாடி முன் நின்று தலை சாய்த்துப் பழகியிருந்தார்கள். மச்சினியின் கணவர் கொட்டாவி விடத் தயாராக வந்தார். கொல்லையில் தொட்டி நிரப்பப்பட்டது. குடும்ப நலன் கருதி சூப்பிரண்டு பின்னால் நகர்ந்து விழுந்தார். யாரோ சரியாக விழவில்லை என்றதால் எழுந்து, வேட்டியைப் பிழிந்துகொண்டு, மறுபடி விழுந்தார். எல்லோரும் கண்ணை மூடி, வாயைத் திறந்து, பக்கத்திலிருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். மூலைதோறும் கட்டைவிரல் வைத்துப் படம் எடுத்தார்கள்.

குழு அன்றே கூடியது. மூவரும் ஒரு குறையும் சொல்ல முடியாதபடி நேர்மையாகப் பரிசீலித்தார்கள். அத்தனையும் பாவனை என்று கண்டு, ஒருமனதாக, உடனுக்குடன் அழித்தார்கள். தேறியது ஒன்றே ஒன்று. அதில் கையில் தட்டோடு, சாப்பாடு புரையேற, சூப்பிரண்டைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார் வழுக்கைத் தலைக்காரர்.

அந்த ஆண்டுக்கான குடும்ப வரலாற்றில் இருப்பது அவர் ஒருவர்தான்.