சிவப்பு வயரில் மாட்டிய விளக்கு

முலாம் தொட்டியிலிருந்து தூக்கிய குத்துவிளக்கின் கழுத்து மஞ்சளாக இருந்தது. இறக்கும்போது வெள்ளி, ஏற்றும்போது பித்தளை. பத்துமலைக்கு ஒன்றும் புரியவில்லை.

பத்து வருஷத்துக்கு முன் அவன் கல்யாணத்துக்கு மாமியார் கொடுத்த விளக்கு அது. தைப்பிங்கிலிருந்து சிலிபினிலுள்ள அவன் வீட்டுக்கு வரும்போதெல்லாம், "எவ வீட்டுல மாப்பிள்ளைக்கு வெள்ளி விளக்கு கொடுத்தாங்க?" என்று கேட்காமல் அந்த அம்மாள் காப்பியைக் கையால் தொடமாட்டாள். ஞாயிற்றுக்கிழமை பேரனுக்குக் காதுகுத்து. விளக்கேற்றப் போவதும் அவள்தான்.

தங்கை பாப்பாவின் கல்யாணத்துக்குப் பிறகு பீரோவைவிட்டு வெளியே வராத விளக்கு கறுத்துக் கிடந்தது. "அத ஏண்டா நோண்டுற? கெடக்கட்டும்லா," என்று தாய் செல்லாயி தடுத்தாள். பத்துமலை கேட்டால்தானே! ஜெலாப்பாங்கில் தான் வேலை பார்க்கும் முலாம் பட்டறைக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டான். அங்கே அவன் வேலை சாமான் தேய்ப்பது மட்டும். வயர் மாட்டுவது மேஸ்திரி சதாசிவம். மேஸ்திரி சாப்பிடப் போன நேரம் பார்த்துத் தானே மாட்டினான்.

வயர் இரண்டு. ஒன்று சிவப்பு, ஒன்று கறுப்பு. சாமி விளக்கில் கறுப்பைக் கட்ட யாருக்காவது மனசு வருமா? சிவப்பைக் கட்டினான். கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

கழுத்து மஞ்சளானதும், நேரம் போதவில்லை என்று மறுபடி இறக்கினான். விளக்கு முழுக்க மஞ்சளானது. கரண்ட் போதவில்லை என்று கூட்டினான். உச்சியிலிருந்த அன்னத்துக்கு மூக்கைக் காணோம்.

"அலாமா! என்னடா பண்ணி வச்சிருக்கே?" பின்னால் சதாசிவம்.

"வெள்ளி எங்கயோ போயிருச்சு மேஸ்திரி."

"எங்கயும் போவல. சிவப்புப் பக்கம் மாட்டுனா வெள்ளி அணு எலக்ட்ரானை எழந்துட்டு அயனியா தண்ணியில எறங்கிடும். கறுப்புப் பக்கம் போயி எலக்ட்ரானை வாங்கிக்கிட்டு, திரும்பவும் உலோகமா ஒட்டிக்கும். இங்க கழண்டது அங்க ஒட்டும். அந்த மட்கார்டைப் பாரு."

கறுப்பு வயரில் தொங்கிய மோட்டார் சைக்கிள் மட்கார்டில் திட்டுத்திட்டாக வெள்ளி.

"கொடுத்தது, வாங்குனது, ரெண்டும் அப்புறம் பேசிக்காதா?"

"அதெப்படிப் பேசிக்காம இருக்கும்? உப்புல பாரு, கொடுத்ததும் வாங்குனதும் ஒண்ண ஒண்ணு இழுத்துப் புடிச்சிக்கிட்டுத்தான் கெடக்கும். அதுக்குப் பேரு பிணைப்பு."

"சம்பந்தி மாதிரியா?"

"கிட்டத்தட்ட."

பத்துமலைக்கு முன்னைவிட அதிகமாகக் குழம்பியது. "மாத்திக் கட்டுனா வெள்ளி விளக்கா ஆயிருமா?"

"என்னைக்கிடா இது வெள்ளி விளக்கா இருந்துச்சு? உள்ள பூரா பித்தளை. மேல பூசி எவனோ உன் தலையில கட்டியிருக்கான்."

பத்துமலையின் முகம் மெல்ல மலர்ந்தது. பத்து வருஷக் காப்பிக்கும் சேர்த்து மாமியாருக்குப் பதில் சொல்ல ஒரு நாள் வாய்த்திருக்கிறது! வீட்டில் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூப்பிட்டவர்களோடு கூப்பிடாதவர்களும் வந்திருந்தார்கள். நடுக்கூடத்தில் மஞ்சளாக, மூக்கில்லாத அன்னத்தோடு விளக்கை வைத்தான்.

"அத்தை, நீங்க கொடுத்த வெள்ளி விளக்கு. நல்லா பாத்துக்குங்க."

மாமியார் அசரவில்லை. விளக்கைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள்.

"இது எவ வீட்டு விளக்கு? நான் கொடுத்ததுல அடியில 'ராக்காயி'ன்னு என் பேரை வெட்டியிருக்கும். எங்க அது?"

பேரும் அயனியாகிப் போய்விட்டதா? பத்துமலை விருந்துக்கு வந்திருந்த சதாசிவத்தைப் பார்த்தான். சதாசிவம் உதட்டைப் பிதுக்கினார். செல்லாயிக்குத் திடீரென்று அடுப்பிலிருந்த பாயாசம் நினைவுக்கு வந்தது. உள்ளே ஓடினாள். பாப்பாவும் பின்னாலேயே ஓடினாள்.

மூலையில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த பாப்பாவின் புருஷன் ஐயாவு நிமிர்ந்தான்.

"ராக்காயிங்கறது நீங்கதானா அத்தை? பாப்பா எங்க வீட்டுக்குச் சீரா கொண்டாந்த வெள்ளி விளக்குக்கு அடியில அந்தப் பேரைப் பாத்துட்டு, 'யாருடி அது'ன்னு எட்டு வருஷமா அவளைக் கேட்டுக்கிட்டு இருக்கேன்!"