மேனேஜரிடம் தப்புத் தப்பாகப் பேசும் முறை

பேரன்புக்குரிய சித்திக்கு,

உங்கள் அக்கா மகள் வணக்கத்துடன் எழுதுவது. கடிதம் என்றால் முதலில் நலம் விசாரித்துவிட்டுத்தான் மற்றதற்குப் போக வேண்டும் என்று எங்கள் ஆசிரியை சொல்லியிருக்கிறார். நீங்கள் நலமா, சித்தப்பா நலமா, புது வீட்டில் குழாயில் தண்ணீர் ஒழுங்காக வருகிறதா? இங்கே அப்பா, அம்மா, நான் மூவரும் நலம். நலம் என்றது உடம்பை மட்டும்.

நேற்று நீங்கள் தொலைபேசியில் அழுதது எனக்குக் கேட்டது. நான் ஒட்டுக் கேட்கவில்லை. அம்மா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டிருந்தார், நான் அதே அறையில் மேசைக்கு அடியில் இருந்தேன். (மேசைக்கு அடியில் ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.) "அக்கா, இவன் வாயத் திறக்கவே மாட்டேங்கிறான். உங்க வீட்டுல அந்தப் பேச்சு பேசினவன், இங்க வந்து வாயில பூட்டுப் போட்ட மாதிரி ஜன்னல்கிட்ட உக்காந்திருக்கான். அம்மா சொல்லு, அம்மா சொல்லுன்னு கெஞ்சிப் பாத்துட்டேன். அம்மா எங்கன்னு கேட்டா போனைக் காட்டுறான்க்கா" என்றீர்கள். அம்மா, "சரியாயிடும்டி, எல்லாம் சரியாயிடும்டி" என்றார். போனை வைத்த பிறகு, நறுக்கி முடித்த வெங்காயத்தையே மறுபடி நறுக்கினார். அதைப் பார்த்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சித்தி, ஒரு மிக்சி வாங்கினால்கூட அதோடு ஒரு கையேடு தருகிறார்கள். உங்கள் மகன் தவழும் குழந்தையாக எங்கள் வீட்டுக்கு வந்தான். நீங்களும் சித்தப்பாவும் இரவும் பகலும் மாறி மாறி ஷிப்டு பார்த்த காலம், வேறு வழியில்லை, அதில் யார் மேலும் குறையில்லை. இப்போது மூன்று வயது தாண்டி உங்களிடம் திரும்பியிருக்கிறான். அவனோடு நாங்கள் அனுப்பியது ஒரு பை துணியும் ஒரு கரடி பொம்மையும் மட்டும்தான். கையேடு வைக்க மறந்துவிட்டோம். நாங்கள் அவனை மேனேஜர் என்று கூப்பிட்டதை நீங்கள் செல்லப்பெயர் என்று நினைத்திருப்பீர்கள். அது பதவி.

அவனை முறைப்படி வளர்ப்பதற்காக நான் நூலகத்திலிருந்து ஒரு தடித்த புத்தகம் எடுத்து வந்தது உங்களுக்குத் தெரியாது. நூலகர் புத்தகத்தையும் பார்த்து, என் பள்ளிச் சீருடையையும் பார்த்து, "யாருக்கும்மா இது?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். "எனக்குத்தான் சார். வீட்டுல ஒரு குழந்தை இருக்கு, எல்லாரும் அதைக் கண்டபடி வளர்க்கிறாங்க" என்றேன். அவர் பெருமூச்சு விட்டு முத்திரை குத்திக் கொடுத்தார்.

குழந்தையிடம் நாள் முழுவதும் பேசிக்கொண்டே இருங்கள், செய்வதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லுங்கள், அப்போதுதான் மொழி வளரும் என்று புத்தகம் சொன்னது. நானும் "இப்போ அக்கா சாக்ஸ் போடறா, சாக்ஸ்ல ஓட்டை, ஓட்டையில விரல்" என்று பல் தேய்ப்பதிலிருந்து படுக்கை விரிப்பது வரை நேர்முக வர்ணனை செய்தேன், அவன் அதைக் கேட்டுக் கேட்டு ஊறிப்போய், ஒருநாள் அப்பாவின் பட்டறையில், அதாவது எங்கள் முன்னறையில், பஞ்சு வைக்காத சோபாச் சட்டத்துக்குள் உட்கார்ந்துகொண்டு, தன் சோபாவைப் பார்க்க வந்த மூக்குக்கண்ணாடிக் கடைக்காரரை வர்ணிக்கத் தொடங்கிவிட்டான். "மாமா வர்றார். மாமா தும்முறார். மாமா மூக்கைத் தொடைக்கிறார். சோபாவுல தொடைக்கிறார்." கடைக்காரர் முகம் சிவந்து போனது. அப்பா அவசரமாக, "குழந்தைங்க இப்படித்தான் சார், நடக்காததையெல்லாம் சொல்லும்" என்றார். சட்டத்துக்குள்ளிருந்து உடனே அடுத்த வரி வந்தது: "அப்பா பொய் சொல்றார்."

குழந்தையின் உணர்ச்சிக்குப் பெயர் சூட்டுங்கள் என்றும் அதே புத்தகம்தான் சொன்னது. அவன் அழும்போதெல்லாம், "உனக்குக் கோபமா? இல்ல பசியா? இல்ல தூக்கமா?" என்று கேட்டுக் கேட்டு அவனுக்கு மூன்றும் அத்துப்படியாகிவிட்டது. வீட்டுக்காரர் வாடகையைப் பற்றிப் பேச வந்து வாசலில் நின்று குரலை உயர்த்திக்கொண்டிருந்தபோது, மேனேஜர் அவர் வேட்டி நுனியைப் பிடித்து இழுத்து, "உனக்குப் பசிக்குது. அதான் கத்துற" என்று சொல்லி, தான் கடித்த பிஸ்கட்டை நீட்டினான். வீட்டுக்காரர் பிஸ்கட்டில் இருந்த பல் தடத்தைப் பார்த்தார். பிறகு வாங்கித் தின்றார். வாடகையை உயர்த்தத்தான் செய்தார், ஆனால் சன்னமான குரலில்.

இரண்டு பொருளைக் காட்டி அவனையே தேர்ந்தெடுக்க விடுங்கள் என்பது இன்னொரு அறிவுரை. சிவப்புச் சட்டையா, நீலச் சட்டையா என்று நான் கேட்டதற்கு, சட்டையே வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுத்து அப்படியே தெருமுனை வரை போய்விட்டான். பள்ளி வேனை ஓட்டிக்கொண்டு வந்த அம்மா அவனை அந்தக் கோலத்தில் அள்ளி வேனில் போட்டுக்கொண்டு வந்தார். வேனில் இருந்த பிள்ளைகள் எல்லோரும் எனக்குத் தெரிந்தவர்கள். மறுநாள் பள்ளியில் நான் பட்டது தனிக்கதை.

குழந்தையோடு பேசும்போது உங்கள் கண்ணும் அதன் கண்ணும் ஒரே உயரத்தில் இருக்கட்டும் என்பதுதான் கடைசி அறிவுரை. மேனேஜரின் அலுவலகம் மேசைக்கு அடியில். அவனிடம் ஏதாவது காரியம் ஆக வேண்டுமென்றால் அப்பாவானாலும் அம்மாவானாலும் மண்டியிட்டு உள்ளே போக வேண்டும். இப்போது அலுவலகம் காலி. அங்கே வெளிச்சம் நன்றாக இருப்பதால் நான் வீட்டுப்பாடம் எழுதுகிறேன். அம்மா, "அங்க என்னடி வெளிச்சம்?" என்று கேட்டார். நான் நோட்டில் பக்கத்தைத் திருப்பினேன். அவரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன், இது எந்தப் புத்தகத்திலும் இல்லை, அப்பா தற்செயலாகக் கண்டுபிடித்தது. இரண்டு வயது தாண்டியும் மேனேஜர் ஒற்றைச் சொல்லுக்கு மேல் பேசாமல் இருந்தானே, நீங்களும் மாதாமாதம் வந்து பார்த்துவிட்டுக் கவலையோடு திரும்பிப் போவீர்களே, மேலே சொன்ன கதைகளுக்கெல்லாம் முந்திய அந்தச் சமயம். இது என்ன, அது என்ன என்று நான் கேட்டால் அவன் என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பான். ஒருநாள் அப்பா தூக்கக் கலக்கத்தில், "அந்தச் சீப்பை எடு, ஆணி அடிக்கணும்" என்றார். மேனேஜர் எழுந்து நின்றான். முகமெல்லாம் வேதனை. "அப்பா! சீப்பு இல்ல. சுத்தி!" என்றான். அப்பா அசந்து போய், வேண்டுமென்றே காகத்தைக் காட்டி, "அடடா, பூனை பறக்குது பாரு" என்றார். "ஐயோ அப்பா, பூனை பறக்காது, அது காக்கா!" அன்றிலிருந்து அப்பா வாயில் சரியான வார்த்தை வருவதே நின்றுபோனது. அம்மாவும் செருப்போடு உள்ளே வருவார், அவன் "கழட்டு, கழட்டு" என்று ஓடி வருவதற்காகவே. அவன் அப்பாவைத் திருத்திய அளவுக்கு என் கணக்கு ஆசிரியர்கூட என்னைத் திருத்தியதில்லை.

அவன் கேள்விக்குப் பதில் சொல்கிறவன் இல்லை சித்தி, தப்பைப் பொறுக்காதவன். நீங்கள் அவனிடம் நிறம் கேட்கிறீர்கள், மாடு எப்படிக் கத்தும் என்று கேட்கிறீர்கள், அதற்குப் பெட்டி பெட்டியாகப் பொம்மை வேறு. எனக்கே பரீட்சை என்றால் தெரிந்ததும் மறந்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே இன்னொன்று. நான் உங்களைச் சித்தி என்று கூப்பிட்டதைக் கேட்டு அவனும் சித்தி என்றான். நான் அம்மா என்றவரை அவனும் அம்மா என்றான். அவனைப் பொறுத்தவரை அது சரியான கணக்கு. அங்கே வந்த புதிதில் அவன் சித்தி என்று வாயைத் திறந்தபோதெல்லாம், நீங்களும் சித்தப்பாவும் சேர்ந்து "சித்தி இல்லடா, அம்மா" என்று திருத்தினீர்கள். ஊரையெல்லாம் திருத்துகிறவனைப் போய்த் திருத்தினால் கடையைச் சாத்திவிட மாட்டானா?

அதனால் கேள்வி கேட்காதீர்கள். அவன் பக்கத்தில் தரையில் படுத்துக்கொள்ளுங்கள். அவன் சட்டையைக் கரடிக்குப் போடுங்கள், கரண்டியால் தலை வாருங்கள், பாலை வைத்துக்கொண்டு தண்ணீர் என்று சாதியுங்கள். நீங்கள் ரொம்ப நல்ல அம்மாவாக இருக்கப் பார்க்கிறீர்கள் சித்தி. அவனுக்கு அது பழக்கமில்லை, தப்புச் செய்கிற ஆட்களோடுதான் வளர்ந்தான். ஆனால் நீங்கள் ஏங்குகிற அந்த ஒரு சொல்லுக்கு மட்டும் எனக்கு வழி தெரியவில்லை. பல் முளைப்பதற்கு, விரல் சூப்புவதற்கு, பொறாமைக்கு எல்லாம் புத்தகத்தில் பக்கம் இருக்கிறது, இதற்கு இல்லை. இரண்டு முறை தேடிவிட்டேன்.

இங்கே பட்டறையில் வேலை நடக்கிறது. இன்று காலை அப்பா கத்தரிக்கோலைத் தூக்கிப் பிடித்து, "எங்கப்பா வச்சேன் இந்த ஸ்பூனை" என்று சத்தமாகச் சொன்னார். திருத்த யாரும் ஓடி வரவில்லை. நான்தான் கதவோரம் நின்று, "அது கத்தரிக்கோல்ப்பா" என்றேன். "உனக்குத் தெரியும்னு எனக்குத் தெரியும்மா" என்று சொல்லிவிட்டுத் துணியை வெட்டத் தொடங்கினார். அம்மா வேனை நிறுத்திவிட்டு வந்தால் வாசலிலேயே நிற்கிறார், செருப்பைக் கழற்ற ரொம்ப நேரம் ஆகிறது.

சித்தப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். மேனேஜருக்கு, அவன் அனுமதித்தால், வலது கன்னத்தில் என் முத்தம் ஒன்று. இடது கன்னம் கரடிக்கு ஒதுக்கியது. உங்கள் புது வீட்டில் காது வலிக்கும் அளவுக்குப் பேச்சுச் சத்தம் பெருக வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, பெரியவர்களாகிய உங்கள் வாழ்த்தையும் எதிர்பார்த்து முடிக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அக்கா மகள்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு நீங்கள் கூப்பிட்டீர்கள். பிரித்து எழுதுகிறேன். மேலே உள்ள எதையும் நீங்கள் செய்ய வேண்டியதில்லை. நீங்கள் சொன்னதை உங்களுக்கே திருப்பி எழுதுவது அசட்டுத்தனம்தான், ஆனாலும் ஒருமுறை எழுதிப் பார்க்க ஆசையாக இருக்கிறது. வேலை முடிந்து களைத்து வந்து, கைப்பையைக்கூடக் கழற்றாமல் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "சரிடா, விடு. நான் சித்தியாவே இருந்துட்டுப் போறேன். சித்திகூட வந்து பால் குடி" என்றீர்களாம். அவன் ஜன்னலை விட்டுத் திரும்பி, எரிச்சலோடு, "சித்தி இல்ல. அம்மா" என்றானாம். இதற்கு மேல் நான் என்ன கையேடு எழுதுவது?

பிறகு போனை அவனிடம் கொடுத்தீர்கள். அம்மா, "நான் யாருடா கண்ணா?" என்று கேட்டார். அவன் யோசித்தான், மூச்சு விடுவது கேட்டது. "நீ பெரியம்மா" என்றான். "கரெக்டா சொன்னடா" என்று அம்மா சிரித்தார், பிறகு வேனைக் கழுவப் போனார். காலையில்தான் கழுவியிருந்தார். அப்பா போனை வாங்கவில்லை, கையில் வேலை இருக்கிறது என்றார். கையில் ஒன்றும் இல்லை. என்னை மட்டும் அவன் பழையபடி அக்கா என்றான், எண்ணிப் பார்த்தால் அந்த வீட்டிலும் இந்த வீட்டிலும் நான் அக்காதான். "அக்கா, நீ எப்போ வருவ?" என்று கேட்டான். எனக்குப் பரீட்சை முடியவே இன்னும் வெகுநாள் இருக்கிறது. "நாளைக்கு" என்றேன்.

அதை மட்டும் அவன் திருத்தவில்லை, சித்தி.